எண்ணெய் போடாத வாரம்

போன வாரம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட ஜோகூர் பாருவில் என் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே இப்போது சுகாதார இன்ஸ்பெக்டராக இருக்கும் தம்பி தமிழ்ப் பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். வெள்ளைக்காரப் பட்டாளம் நம் நாட்டைவிட்டுப் போகப் போகிறதாம், கடல் கடந்து பட்டாளம் வைத்திருப்பது அவர்களுக்குக் கட்டுபடியாகவில்லையாம் என்று எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு, "ஐயா, உங்க காலத்துல கூலாய்ப் பக்கம் இந்தியாவுலேருந்து ஒரு பட்டாளம் வந்து தங்குச்சாமே. அதுக்கெல்லாம் யாரு செலவு பண்ணாங்க? சொல்லுங்க லா" என்றார்.

அரசாங்கம் என்று சொல்லலாம். எந்த அரசாங்கம்? இந்தியாவுடையதா, சீமையுடையதா, சிங்கப்பூருடையதா? எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டதும் என் மனத்தில் வந்து நின்றது எந்த அரசாங்கமும் இல்லை, செல்லம்மா என்ற ரப்பர்ப் பால்வெட்டுக்காரப் பெண். "எழுதித் தர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எழுத உட்கார்ந்து இன்றோடு நாலு நாள். எனக்கே பிடிபடாத ஒன்றை அடுத்தவருக்கு விளக்கக் கிளம்பினால் இப்படித்தான்.

என் வேலைக்கு இங்கிலீஷில் நீளமான பெயர் உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் வைத்த பெயர் கொசுக் கங்காணி. ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவனைக் கொசுவோடு சேர்த்துக் கூப்பிட்டால் ஆத்திரம் வராதா? வந்தது. பிறகு பழகிவிட்டது. ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தேன், வேறொரு தோட்டத்தில் ஆறு மாதம் முதுகில் கொசுப்புழுவைக் கொல்லும் எண்ணெய் டின்னைச் சுமந்தேன், பயிற்சி அவ்வளவுதான். அப்புறம் கூலாய்க்கு வடக்கே மேடும் பள்ளமுமாகக் கிடந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், என்னைப் போட்டார்கள். அங்கே பதினொரு வருஷம்.

எனக்கு மேலே ஒரு டாக்டர் துரை. ஏழெட்டுத் தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான். எங்கள் ஆட்கள் அவரைக் காய்ச்சல் துரை என்பார்கள். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மாதம் ஒருமுறை வருவார். வந்ததும் யாரோடும் பேசமாட்டார். பைக்குள்ளிருந்து வெள்ளைப் பூச்சுப் போட்ட அகப்பையை எடுத்து ஓடை ஓரத்தில் குந்தி, தண்ணீரை அசைக்காமல் மொண்டு, அதையே உற்றுப் பார்ப்பார். கொசுப்புழுவில் இரண்டு வகை உண்டு. தலைகீழாகத் தொங்குவது ஒன்று, அதனால் மலேரியாக் காய்ச்சல் இல்லை. தண்ணீர்மேல் பாய் விரித்துப் படுத்ததுபோல் கிடப்பது இன்னொன்று. அகப்பையில் படுத்த புழு இருந்தால் அதை எனக்கு நீட்டுவார், அவ்வளவுதான். திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைப்பார். அந்தத் துடைப்புக்கு நான் பயந்தமாதிரி எந்த வசவுக்கும் பயந்ததில்லை.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று, அதையும் தோட்டத் தமிழில்தான் சொன்னார். "ஏழு நாள். எட்டு நாள் இல்லே. தெரியும்?"

தெரியும். முட்டை புழுவாகி, புழு கொசுவாகிப் பறக்க எட்டு ஒன்பது நாள் ஆகும். ஏழாம் நாள் எண்ணெய் போட்டால் ஒன்றும் பறக்காது. எண்ணெய் இரண்டு நாளில் கரைந்து போய்விடும், மறுபடி முட்டை வரும், மறுபடி ஏழாம் நாள். என்னிடம் எட்டு ஆட்கள் இருந்தார்கள். ஓடையின் தலையில் ஆரம்பித்துக் கீழே வரவேண்டும். நடுத்தண்ணீரில் அடிப்பது வீண், அது ஓடிவிடும். ஓரத்துக் கசிவு, கல் இடுக்கு, மாட்டுக் குளம்பு பதிந்த குழியில் நிற்கும் ஒரு கை தண்ணீர், இவற்றில்தான் அடிக்கவேண்டும். அடித்தபின் ஓர் இலையைப் போட்டுப் பார்ப்பேன். இலையைச் சுற்றி எண்ணெய்ப் படலம் பிரிந்து மறுபடி சேர்ந்தால் சரி. சேரவில்லையென்றால் திரும்ப அடிக்கச் சொல்வேன். ஆட்கள் என்னை முதுகுக்குப் பின்னால் என்னென்ன சொன்னார்களோ, எனக்கு அக்கறையில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சமவெளியில் புதரை வெட்டினால் கொசு போகும். எங்கள் மேட்டு நிலத்தில் வெட்டினால் கொசு வரும். அந்தப் பொல்லாத கொசுவுக்கு வெயில் படுகிற தெளிந்த ஓடைதான் வேண்டும். பெரணிச் செடியும் கொடியும் மூடி இருட்டாய்க் கிடக்கிற ஓடையை அது எட்டிப் பார்க்காது. அதனால் எங்கள் லயத்துக்கு மேலே மலையிடுக்கில் ஓடிய ஓடையைப் பல வருஷமாகக் கத்தி படாமல் வைத்திருந்தோம். கீழே லயத்தை ஒட்டி ஓடிய பகுதிக்கு மட்டும் வாரம் தவறாமல் எண்ணெய். அந்த வட்டாரத்தில் எங்களுடையதைக் காய்ச்சல் இல்லாத தோட்டம் என்றார்கள். பெருமைதான், ஏன் மறைக்கவேண்டும்?

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் செல்லம்மா வந்தாள். லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் காய்ச்சலில் இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மூன்றாவதாவது தங்கவேண்டும் என்று புருஷனை இழுத்துக்கொண்டு வந்தவள். புருஷன் பெருமாள் என் எண்ணெய் ஆட்களில் ஒருவன், எட்டுப் பேரில் கைசுத்தமான வேலைக்காரன். செல்லம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகூடப் போடமாட்டாள், நேராகக் கேட்பாள்: "ஓடைக்கு எண்ணெ போட்டாச்சாங்க ஐயா?" போட்டாச்சு என்றால் போய்விடுவாள். வயிற்றில் பிள்ளை தங்கி நாலாம் மாசம் ஆனபோது இதையே சிரித்துக்கொண்டு கேட்டாள்.

அப்போதுதான் பட்டாளம் வந்தது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால். எங்கள் லயத்துக்கு மேலே இருந்த குன்றில் லாரி லாரியாகக் கூடாரம் இறங்கியது. பாதை போடுகிற, பாலம் கட்டுகிற பட்டாளம். பாதிப் பேர் மதராஸ் பக்கத்து ஆட்கள். லயமே திருவிழாப் பார்ப்பதுபோல் போய்ப் பார்த்தது. நம்ம பாஷை பேசுகிற பட்டாளக்காரனை முதல்முறையாகப் பார்க்கிறோம், சந்தோஷம் வராதா?

மூன்றாம் நாள் கத்திச் சத்தம் கேட்டு ஓடினேன். மலையிடுக்கில் முப்பது பேர் நின்று புதரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பல வருஷத்துப் பெரணி கரையில் குவிந்து கிடந்தது. ஓடையில் வெயில் பளீரென்று விழுந்தது. "ஐயோ, வெட்டாதீங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

பொறுப்பாக நின்றவர் ராஜமாணிக்கம் என்ற அவில்தார். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். நான் மூச்சு வாங்க விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, நீங்க சொல்றது வெளங்குது. ஆனா எங்க ஆபீசரு, கொசு வருது, புதரை வெட்டுன்னு ஆர்டர் குடுத்திருக்காரு. முன்னாடி இருந்த எடத்துல அப்படித்தான் வெட்டுனோம், கொசு போயிருச்சு."

"அது சமவெளி. இது மேடு."

"நான் போயி அவருகிட்ட மேடு பள்ளம் பேச முடியுமா? உங்க துரையை ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்க. நான் இன்னிக்கு மெதுவா வெட்டச் சொல்றேன்."

நல்ல மனிதர். மெதுவாகத்தான் வெட்டச் சொன்னார். காய்ச்சல் துரைக்கு ஆள் அனுப்பினேன், அவரும் எழுதினார், பதில் வருவதற்குள் கால் மைல் ஓடை மொட்டையாகிவிட்டது. ஒருநாள் ராஜமாணிக்கம் என்னிடம், "அண்ணே, நெசமா கேக்குறேன், இந்த மலையை யாருகிட்டேருந்து காப்பாத்த வந்திருக்கோம்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் அவரைக் கேட்கலாம் என்று இருந்தேன். மூன்று வருஷமாக ஊர் போகவில்லையாம், தாயாருக்குக் கொள்ளி வைக்கக்கூடப் போகமுடியவில்லையாம். அந்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பதில் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவாக வந்தது. தோட்டத்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வாசித்தார். பட்டாளம் தனக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொள்ளும்வரை கூடாரத்துப் பக்க ஓடைக்கும் என் ஆட்களே எண்ணெய் போடவேண்டும். கூடுதல் ஆள் கிடையாது. கூடுதல் எண்ணெயும் கிடையாது.

எட்டு ஆட்கள் ஒரு வாரத்தில் முடிக்கிற ஓடை இப்போது இரண்டு மடங்கு. மேலே பார்த்தால் முந்நூறு பேர், பாதி நம் ஊர்க்காரர்கள். கீழே பார்த்தால் நாற்பது குடும்பம், நம் சனங்கள். மேலே விட்டால் உத்தரவை மீறினவன். கீழே விட்டால் பாவி. யாரை விடுவது? என் மூளைக்கு அப்போது மகா நியாயமாகப் பட்ட ஒரு யோசனை வந்தது. கோடு போட்டு அழகாக ஒரு பட்டியல் எழுதினேன். ஒரு வாரம் பட்டாளத்து ஓடை, மறுவாரம் லயத்து ஓடை. ஆளுக்குப் பாதி.

இப்போது படிக்கிறவர்கள் சிரிக்கலாம், அல்லது என்னைத் திட்டலாம். ஏழு நாள், எட்டு நாள் இல்லே என்று பாடம் படித்தவன், இரண்டு ஓடைக்கும் பதினாலு நாள் என்று எழுதினேன். பதினாலு நாளுக்கு ஒருமுறை போடுகிற எண்ணெய் போடாததற்குச் சமம். அப்போது அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் எழுதினேன். சோற்றைப் பங்கிடுவதுபோல் எண்ணெயைப் பங்கிட்டுவிட்டால் நம்மேல் குற்றம் இல்லை என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு என்ன செய்துகொண்டிருந்ததோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மேனேஜர் பட்டியலைப் பார்த்து நல்ல ஏற்பாடு என்றார். பட்டாளத்து ஆபீசர் நன்றி சொல்லி அனுப்பினார். லயத்தில்கூட, "கொசுக் கங்காணி நேர்மையான ஆளுய்யா, ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்கல" என்றார்கள். காய்ச்சல் துரைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்கு உயிர் வந்தது. அவரே போட்டுவிட்டாரே, அப்படியானால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இந்தக் காய்ச்சலின் கெட்ட குணம், காத்திருந்து வரும். செல்லம்மா மட்டும் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஓடைக்கு எண்ணெ போட்டாச்சாங்க ஐயா?"

"இந்த வாரம் மேல. அடுத்த வாரம் இங்க."

அவள் சிரிப்பு நின்றது. "வாரம் தப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

"எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் செஞ்சிருக்கு, துரையே கையெழுத்துப் போட்டிருக்காரு. நீ போ" என்றேன். போய்விட்டாள்.

இரண்டாம் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெருமாள் வந்தான். அந்த வாரம் முழுக்க மேலே பட்டாளத்து ஓடைக்கு எண்ணெய் அடித்துவிட்டு வந்த கை, மணம் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஐயா, நம்ம ஓடையில புழு கெடக்குது. படுத்த புழு. நானே பாத்தேன். நாளைக்கு லீவுதானே, நானே போயி அடிச்சிர்றேன். ஒரு டின்னு எண்ணெ மட்டும் குடுங்க. எம் பொஞ்சாதிக்கு ஆறாம் மாசம்."

கொட்டகையில் எண்ணெய் இருந்தது. திங்கள்கிழமைக்கு அளந்து வைத்தது. ஒரு டின் எடுத்தால் அந்த வாரம் ஓடையின் வாலில் கொஞ்ச இடத்துக்கு எண்ணெய் இருக்காது. குடுத்திருக்கலாம். பாவி, குடுத்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா? நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து எங்க வீட்டுப் பின்னால அடிங்கன்னு நிப்பான். பட்டியல்னா பட்டியல்தான்" என்றேன். வாத்தியார்போல் விரலை வேறு ஆட்டினேன். "சரிங்க ஐயா" என்று போனான். திங்கள்கிழமை வந்து, பட்டியலில் இருந்தபடி லயத்து ஓடைக்கு ஒழுங்காக அடித்தான். அதற்குள் அந்தப் புழுக்கள் பறந்துவிட்டன.

காய்ச்சல் முதலில் மேலேதான் விழுந்தது. ஒரே வாரத்தில் முப்பது பேர் படுத்தார்கள். லாரியில் போட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டாயா என்றார். பட்டியலைக் காட்டினேன். அவரும் குழம்பிப்போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் கழித்து லயத்தில் விழுந்தது. வீட்டுக்கு ஒருவர். செல்லம்மாவுக்கு மூன்றாம் நாளே குளிர் நடுக்கம், நாலு கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் மலேரியாவுக்கான கொயினா தீர்ந்துபோயிருந்தது.

கேள்விப்பட்டு ராஜமாணிக்கம் இறங்கி வந்தார். பத்திரிகைக் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தைப் பெருமாள் கையில் கொடுத்தார். தினமும் அவர் முழுங்கவேண்டிய கொயினா வில்லைகள். "தங்கச்சிக்குக் குடுப்பா. எனக்கெல்லாம் ஒண்ணும் வராது, எருமைத் தோலு" என்றார். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. புதரை வெட்டியவர் மருந்து கொடுக்கிறார். பல வருஷம் புதரைக் காத்தவன் சும்மா நிற்கிறேன். யார் நல்லவன், யார் கெட்டவன்? எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஏழாம் மாசத்தில் பிறந்தது, அழவேயில்லை. ஆண் பிள்ளை. பெருமாள் அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, கித்தா மரங்களுக்கு நடுவே எடுத்துப் போனதை நான் ஆபீஸ் வாசலிலிருந்து பார்த்தேன். போய்க் கூட நடந்திருக்கவேண்டும். போகவில்லை.

அந்த வாரமே பட்டாளம் புறப்பட்டது. இடம் ஆரோக்கியமில்லை என்று மேலிடத்தில் முடிவாம். மூன்றே நாளில் குன்று காலி. கடைசி லாரியில் ராஜமாணிக்கம் இரண்டு பேருக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்க முயன்றார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்குச் சேதி இல்லை.

காய்ச்சல் துரை வந்தார். வழக்கம்போல அகப்பையை எடுக்கவில்லை. மொட்டையான ஓடைக் கரையில் என் பக்கத்திலேயே நின்றார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "துரை, ஏழு நாள்னு நீங்கதானே சொன்னீங்க. அந்தப் பட்டியல்ல ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "நீ எழுதினே. உனக்கு ஓடை தெரியும். நீ எழுதினா சரியா இருக்கும், நான் நினைச்சேன்" என்றார். பிறகு, "நீ ஏன் எழுதினே?" என்று கேட்டார்.

நீங்கள் கையெழுத்துப் போடமாட்டீர்கள் என்று நினைத்து எழுதினேன் என்று சொல்ல வந்தது. அது உண்மையா என்று தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை. இருவரும் அந்த வெயில் பட்ட தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு என்ன செய்வது?

மறு திங்கள்கிழமை ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். பெருமாள் வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். வந்திருந்தான். டின்னைத் தூக்கி முதுகில் மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"இன்னிக்கு எந்த ஓடைங்க ஐயா? நம்மளதா, அவங்களதா?"

குத்திக் காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவேதான் கேட்டான். "அவங்கதான் போயிட்டாங்களே பெருமாளு" என்றேன்.

"அவங்க போயிட்டாங்க. அவங்க வெட்டிவிட்ட ஓடை அங்கேயே கெடக்குதுங்களே. எண்ணெ எட்டாள் எண்ணெதானே? இந்த வாரம் யாருக்கு?"

சட்டைப் பையில் பழைய பட்டியல் இருந்தது. எடுத்து, அவன் எதிரிலேயே கிழித்தேன். மேலே இரண்டு பேர், கீழே ஆறு பேர், கீழே முடித்ததும் எல்லாரும் மேலே என்று சொன்னேன். அது சரியா என்றும் எனக்குத் தெரியாது. பெரணி மறுபடி வளர்ந்து அந்த ஓடையை மூட நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷமும் லயத்தில் காய்ச்சல் இருந்தது.

பெருமாள் கீழ் ஓடைக்கு நடந்தான். ஆபீசுக்குத் திரும்பும் வழியில் செல்லம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள், போர்வையோடு. கேட்பாள் என்று பயந்து நடையை மெதுவாக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே, "ஓடைக்கு எண்ணெய் போடுறாங்கம்மா" என்றேன்.

"இனி எதுக்குங்க ஐயா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.